மழைத் தண்ணீருக்கும் லோரிக் கட்டணம் கட்டுகிறோம்: மாவட்ட மன்றத்துக்கும் தொழிற்பேட்டை முதலாளிமாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும், தொழிற்பேட்டை முதலாளிமாருக்கும், செம்பனை எண்ணெய் மில் மேலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

தொழிற்பேட்டைக்கும் அதை ஒட்டிய லயத்து வீடுகளுக்கும் பொதுவாக நிற்கும் இரண்டு ரோரோ தொட்டிகள் (லோரியில் அப்படியே ஏற்றி இறக்கும் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டிகள்) போதவில்லை, மேலும் மூன்று வரும், மாதக் கட்டணமும் அதற்கேற்ப உயரும் என்று மன்றம் அறிவித்திருக்கிறது. கூடுதல் தொட்டியே கூடாது என்று நாங்கள் வாதாட வரவில்லை. இருக்கிற இரண்டில் என்ன கிடக்கிறது என்று ஒருநாள்கூடக் கொட்டிப் பார்க்காமல் மூன்று வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குத் துணையாக இன்னும் மூன்று ஓட்டைக் குடம் வாங்குவதுபோல் ஆகிவிடும். எழுதுகிற நாங்கள் மில்லிலும், பட்டறையிலும், மரத் தொழிற்சாலையிலும், கழிவு ஏற்றும் லோரியிலும் வேலை பழகியவர்கள். எண்களோடு சில விஷயங்களைச் சொல்கிறோம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மழை. தொட்டியின் நீளம் 6 மீட்டர், அகலம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வாய்ப்பரப்பு 14.4 சதுர மீட்டர். சாயங்கால மழை 50 மில்லிமீட்டர் கொட்டினால் (மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இது அதிசயமில்லை) மூடியில்லாத தொட்டிக்குள் 720 லிட்டர் தண்ணீர் விழுகிறது. முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. குப்பைமேட்டில் எடைபோட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள் என்றால், அந்தத் தண்ணீரையும் காசு கொடுத்துத்தான் கொட்டுகிறோம். அடியில் ஓட்டை இருக்கிறது, வடிந்துவிடும் என்று சமாதானம் சொல்பவர்கள், அது வடியும் இடத்தைப் போய்ப் பார்க்கட்டும். மீன் குடல், பழைய சோறு, எண்ணெய்த் துணி எல்லாவற்றையும் ஊறவைத்த அந்தக் கறுப்புச் சாறு நேரே லோங்கானுக்குள், அதாவது சாலையோர வடிகாலுக்குள், இறங்குகிறது. தார்ப்பாய் போட்டால் போதும். ஆனால் தட்டையாக இழுத்துக் கட்டாதீர்கள்; நடுவில் தொப்பை விழுந்து தண்ணீர் தேங்கி, இரண்டே மழையில் கிழியும். தொட்டியின் நீளவாக்கில் நடுவே ஓர் இரும்புக் குழாயைக் கூரை முகடுபோல் உயர்த்தி, அதன்மேல் பாயைப் போட்டு இருபுறமும் சரிவாக இறக்குங்கள்.

அடுத்தது கலப்படம். குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்கள். கழிவில் அது சட்டப்படியும் உண்மை. எஞ்சின் எண்ணெயைத் துடைத்த துணியைச் சுத்தமான அட்டைப்பெட்டிகளோடு போட்டால், விற்றிருக்கக்கூடிய அட்டையும் கெட்டது. சுத்தமாக இருந்தவற்றைத் துணி தன் வகைக்கு இழுத்துக்கொள்கிறது. எதிர்த்திசையில் எதுவும் நகர்வதில்லை. அட்டையோடு சேர்ந்ததால் துணி யோக்கியமாகிவிடாது.

அந்தத் துணிக்குச் சட்டத்தில் பெயரும் எண்ணும் உண்டு. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த விதிமுறைகள் சில கழிவுகளை அட்டவணையில் ஏற்றியிருக்கின்றன. மலாயில் புவாங்கான் தெர்ஜாடுவால். இதைச் சிலர் 'திட்டமிடப்பட்ட கழிவு' என்று மொழிபெயர்க்கிறார்கள். திட்டமிட்டு யாரும் கழிவு செய்வதில்லை, அட்டவணையில் ஏறிய கழிவு என்பதே பொருள். கழிந்த எஞ்சின் எண்ணெயின் எண் எஸ்.டபிள்யூ. 305 (அட்டவணைக் கழிவின் ஆங்கிலப் பெயருடைய சுருக்கம்). ஹைட்ராலிக் எண்ணெய் 306. எண்ணெய் பட்ட துணியும் ஃபில்டரும் 410. பூச்சிமருந்தும் ரசாயனமும் இருந்த டின், டிரம் 409. காரீய பேட்டரி 102. பாதரசம் உள்ள குழல்விளக்கு 109. இவற்றில் எதுவும் ரோரோ தொட்டிக்குள் போகக்கூடாது. இன்றைக்கு எல்லாமே போகிறது.

குப்பை பிரித்தல் வேறு, இது வேறு என்பதையும் மன்றம் கவனிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. அந்தப் பட்டியலில் அன்று பேராக் இல்லை. 'நமக்கு அந்தச் சட்டம் இல்லையே' என்ற பேச்சு அங்கிருந்து வருகிறது. அட்டவணைக் கழிவு விதிமுறையோ நாடு முழுமைக்கும் உரியது.

பட்டறைக்காரர்களுக்குச் செய்முறையாகவே சொல்லிவிடுகிறோம். எண்ணெயை எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்குங்கள். ஆறினால் கெட்டியாகி ஃபில்டரிலேயே தங்கும். ஃபில்டரின் தலையில் ஓர் ஓட்டை குத்தி, கம்பித் தட்டில் கவிழ்த்து ஓர் இரவு முழுக்க வடிய விடுங்கள். ஓட்டை குத்தாமல் கவிழ்த்தால் உள்ளே காற்று புகாமல் எண்ணெய் நின்றுவிடும். 200 லிட்டர் டிரம்மைக் கழுத்துவரை நிரப்பாமல் நாலு விரல் இடம் விடுங்கள், வெயிலில் எண்ணெய் விரியும். டிரம் மண்ணில் நிற்கக்கூடாது; அடித்தகடு துருப்பிடித்து ஒழுகுவது மேலிருந்து பார்த்தால் தெரியாது. பலகைமேல், கூரைக்கு அடியில், சுற்றிலும் திட்டு கட்டிய சிமெண்டுத் தரையில் நிற்கட்டும். இருப்பதிலேயே பெரிய கலத்தின் கொள்ளளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகத் திட்டுக்குள் நிற்க வேண்டும், அதாவது 200 லிட்டருக்கு 220. தரை 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், திட்டு 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் 450 லிட்டர் கொள்ளும். மற்ற டிரம்களும் பலகையும் அடைக்கும் இடத்தைக் கழித்தாலும் போதும். இதைக் கட்ட ஒரு கொத்தனாருக்கு ஒருநாள் வேலை.

டிரம்மின்மேல் கழிவின் எண், முதல் சொட்டு விழுந்த தேதி, பட்டறையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். தேதி முக்கியம். 180 நாள் அல்லது 20 டன், எது முந்துகிறதோ அதற்குள் உரிமம் பெற்றவர் வந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. 20 டன் எந்தப் பட்டறைக்கும் எட்டாது. 180 நாளைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். 'ஒரே டிரம்முக்கு லோரிக்காரன் வரமாட்டேன் என்கிறான்' என்ற முறையீடு நியாயமானது. அதற்காகப் பக்கத்துப் பட்டறைக்கு உங்கள் டிரம்மை வேனில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், அது உரிமமில்லாமல் ஏற்றிச்செல்லும் குற்றம். எட்டுப் பட்டறையும் ஒரே நாளைக் குறித்து, உரிமம் உள்ள லோரி வாசலுக்கு வாசல் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர் கலக்காத எண்ணெய்க்கு விலையும் கிடைக்கும். மழையில் வாய் திறந்து கிடந்த டிரம்மில் அடியில் தண்ணீர், மேலே எண்ணெய். இன்னொரு மழை பெய்தால் முதலில் வழிந்து ஓடுவது எண்ணெய்தான்.

சின்னப் பட்டறையால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்பவர்களுக்கு 2020 செப்டம்பரை நினைவூட்டுகிறோம். ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கரைப்பான் வாடை அடித்தது. சிலாங்கூரில் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அப்போது விசாரணைக்கு உள்ளானது ஒரு கனரக இயந்திரப் பராமரிப்புத் தொழிற்சாலை.

மரத்தூளுக்கு வருவோம். எங்கள் கணிப்பில் தொட்டிகளை நிரப்பும் பொருள்களில் எடையால் இல்லாவிட்டாலும் பருமனால் முன்னணியில் நிற்பது இதுதான். இரண்டு வகைத் தூள் இருக்கிறது, அவற்றை ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். ரப்பர் மரத்தைப் பச்சையாக அறுக்கும் சாமில்லில் விழும் தூள் சுத்தமானது. சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள் தேடி வாங்குவது அதைத்தான்: நூறு பங்கு தூள், பத்துப் பங்கு தவிடு, ஒரு பங்கு சுண்ணாம்பு, கையில் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. மேசை நாற்காலி செய்யும் இடத்தில் விழும் தூள் வேறு. பலகை அறுத்த பிறகு பூச்சிக்காகப் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்றால் ஃபார்மால்டிஹைடு பிசின் கலந்திருக்கும். இதைக் காளானுக்கும் கொடுக்கக்கூடாது, கோழிக் கொட்டகையிலும் பரப்பக்கூடாது, பின்கட்டில் கொளுத்தவும் கூடாது. திறந்தவெளியில் எரிப்பது தனிக் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அந்தப் புகை முதலில் போவது லயத்துக்குத்தான்.

தூளையே குறைக்கவும் வழி உண்டு. அறுவை வட்டின் பல் அகலம் 4 மில்லிமீட்டர் என்றால், ஒரு பலகையில் இருபது வெட்டுக்கு 80 மில்லிமீட்டர் மரம் தூளாகிறது. 2.8 மில்லிமீட்டர் வட்டு போட்டால் 56. ஒவ்வொரு பலகையிலும் 24 மில்லிமீட்டர் மிச்சம், கிட்டத்தட்ட ஒரு கூடுதல் கீற்று. ஆனால் மெல்லிய வட்டு அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. வேகமாகத் தள்ளினால் வட்டு ஆடும், விளிம்பு கருகும், அந்தக் கருக்கலைத் தேய்த்து எடுக்கையில் மிச்சம்பிடித்த மரம் மறுபடி தூளாகிவிடும்.

இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கழிவு தொட்டியில் பிறப்பதில்லை. வேலை நடக்கும் இடத்தில் பிறந்து, தொட்டிக்கு நடந்து வருகிறது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ தொழிற்சாலை விரயத்தை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, வீணாக இடம் மாற்றுவது, தேவையில்லாத வேலை சேர்ப்பது, இருப்பைக் குவிப்பது, வீண் அசைவு, பழுதான பொருள். இந்த ஏழில் பெரும்பாலானவற்றுக்கு எடையும் இல்லை, நாற்றமும் இல்லை. அதனால் எந்த மன்றத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை. நூறு நாற்காலி கேட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று நூற்றுப்பத்து செய்கிறார்கள். பத்தும் கிடங்கில் ஆறு மாதம் கிடக்கிறது, மாடல் மாறுகிறது, கடைசியில் தொட்டியில் கிடக்கிறது. மன்றம் பார்ப்பது அந்தக் கடைசி நாளை மட்டும்.

இது எல்லாவற்றையும் விட மில்லில் துல்லியமாகத் தெரியும். மில் மேலாளர் அவர்களே, உங்கள் கழிவு எங்கள் தொட்டிக்கு வருவதில்லை என்பது தெரியும். ஊர் மூக்குக்கு வருகிறது, ஆற்றுக்கு வருகிறது. அதனால் உங்களையும் சேர்த்தே எழுதுகிறோம்.

மணிக்கு 45 டன் பழக்குலை வாங்கும் ஒரு மில், நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 900 டன். அதில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு. பழம் உதிர்ந்த வெற்றுக் குலை சுமார் 22 விழுக்காடு, கிட்டத்தட்ட 200 டன். கழிவுநீர் ஒரு டன் குலைக்கு 0.65 கன மீட்டர் என்று கணக்கிட்டால் 585 கன மீட்டர். செய்த எண்ணெயைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கழிவுநீர், ஒவ்வொரு நாளும். அந்த நீர் 80 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க வரும், புளித்திருக்கும், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் இழுக்கும் ஆக்ஸிஜனின் அளவு) இருக்கும். ஆற்றில் விட அதை 100-க்கோ, உரிமத்தில் அதைவிடக் கடுமையாக இருந்தால் அந்த அளவுக்கோ இறக்க வேண்டும்.

குளங்களில் அந்த வேலையைச் செய்வது நுண்ணுயிர். அதற்குத் தேவை நேரம். 45 நாள் தங்க வேண்டும் என்று 26,000 கன மீட்டருக்கு வெட்டிய குளத்தில், மூன்றில் ஒரு பங்கு சேறு படிந்துவிட்டால், நீர் தங்குவது 30 நாள்தான். குளம் அதே நீளம், அதே அகலம், மேலே அதே நுரை. பார்ப்பவருக்கு ஒன்றும் மாறியிருக்காது. ஆழத்தை ஒரு மூங்கில் கழி விட்டுப் பாருங்கள். சேறு எங்கே தொடங்குகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து இடத்தில் அளந்து எழுதி வைத்தாலே, எப்போது சேற்றை வார வேண்டும் என்பது ஓர் ஆண்டுக்கு முன்பே தெரிந்துவிடும். குளங்களுக்கு முன்னால் இருக்கும் எண்ணெய்க் குழியையும் தினம் வழித்தெடுக்க வேண்டும். தப்பிய எண்ணெய் குளத்தின்மேல் தடித்த ஏடாகக் கட்டி, சேற்றோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். இதில் இன்னொரு இழப்பும் உண்டு: ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் எரிவாயு எழும்புகிறது, பாதிக்கு மேல் மீத்தேன். நாளுக்கு 16,000 கன மீட்டர், திறந்த குளத்திலிருந்து வானத்துக்கு.

இனி வெற்றுக் குலை. வேகவைக்கும் கலத்தில் 3 பார் அழுத்தத்தில் எழுபத்தைந்து, தொண்ணூறு நிமிடம் நீராவி கொடுக்கிறோம். முதல் சுற்றில் உள்ளிருக்கும் காற்றைச் சரியாக வெளியேற்றாவிட்டால் அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டும், குலையின் நடுப்பகுதி மட்டும் வேகாது. சுழல் உருளையில் போட்டு அடித்தாலும் அந்தப் பழம் உதிராது. வெற்றுக் குலை என்ற பெயரில் பழத்தோடு வெளியே போகும். அதைத் தின்ன எலி வரும், மொய்க்க ஈ வரும். ஓனோவின் கணக்கில் அது பழுது. சுற்றுச்சூழல் கணக்கில் கழிவு. மில்லின் கணக்கில் எண்ணெய். 900 டன்னில் 0.1 விழுக்காடு எண்ணெய் கூடுதலாகத் தப்பினால் நாளுக்கு 900 கிலோ. டன் 4,000 ரிங்கிட் என்று கொண்டால் 3,600 ரிங்கிட். குலை இறக்கும் ரேம்பில் லோரி வரிசை கட்டி நின்று, நேற்று வெட்டிய குலை நாளை வேகுமானால், அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்குகிறது. காத்திருப்பும் விரயம் என்று ஓனோ சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

வெற்றுக் குலையைத் தீம்பாருக்குள் (தோட்டத்துக்குள்) திருப்பிக் கொண்டுபோவது நல்ல வழக்கம். ஹெக்டருக்கு 30 முதல் 40 டன், மரங்களுக்கு இடையே ஒரே அடுக்காக. அதாவது 200 டன்னுக்கு நாளுக்கு ஐந்து முதல் ஏழு ஹெக்டர் வரை வேண்டும். டிரக்டர் கிடைக்காத வாரத்தில் சாலையோரம் மலைபோலக் கொட்டி வைக்கிறார்கள். அந்தக் குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அங்கே வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். உரமாக வேண்டியது அடுக்கு தடித்ததால் பகையாகிறது.

வீட்டுக் குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் எடுத்த தேசிய ஆய்வில் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவு. லயத்துக் கொல்லையில் இடம் இருக்கிறது: ஒரு கூடை காய்கறிக் கழிவுக்கு மூன்று கூடை சருகு, மூடி போட்ட டிரம், இறைச்சியும் மீனும் சேர்க்காமல். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. இன்சுலின் ஊசியைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். சலவைத்திரவப் போத்தல்போல் கெட்டியான கலத்தில் போட்டு மூடி இறுக்குங்கள். குப்பை அள்ளுகிறவரின் கையைத்தான் அந்த ஊசி முதலில் தேடும். களைக்கொல்லி வந்த கேனில் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பாராக்குவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. பழைய கேன்கள் கொட்டகையில் இன்னும் இருக்கலாம். தோட்ட நிர்வாகம் கேனைக் கால்வாசி நீர் விட்டு அரை நிமிடம் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, இதை மூன்று முறை செய்து, அடியில் ஓட்டை குத்திய பிறகே வெளியே விட வேண்டும். ஓட்டை குத்தாத கேன் எப்படியும் யாருடைய சமையலறைக்காவது போய்ச் சேரும்.

மன்றத்திடம் நாங்கள் கேட்பது, கட்டண உயர்வை ஒரு மாதம் தள்ளிவைத்து, ஏழு நாள் எடை பார்க்க அனுமதி. முறை இது. தினமும் ஒரு தொட்டியைச் சிமெண்டுத் தரையில் கொட்டி, மண்வெட்டியால் நன்றாகப் புரட்டிக் குவியலாக்கி, நான்காகப் பிளந்து, எதிரெதிரான இரண்டு பாகத்தை ஒதுக்கிவிட வேண்டும். மிஞ்சியதை மறுபடி குவித்து மறுபடி நான்காகப் பிளக்க வேண்டும்; சுமார் 100 கிலோ மிஞ்சும்வரை இதையே செய்ய வேண்டும். மேலாக நூறு கிலோ அள்ளினால் பிழை வரும்: கனமான, ஈரமான பொருள் எப்போதும் அடியில் இருக்கும். பிறகு எட்டுக் கூடை: உணவு, அட்டையும் தாளும், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி, மரமும் தூளும், எண்ணெய் பட்டவை, மற்றவை. ஒவ்வொன்றையும் எடைபோட்டுத் தேதியோடு எழுத வேண்டும். முந்தைய நாள் மழை பெய்ததா என்பதையும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈர எடை கணக்கைக் குழப்பிவிடும். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் நாளும் அந்த ஏழுக்குள் வர வேண்டும். கோயில் திருவிழா வாரத்தைத் தவிர்க்கலாம். வாழைமட்டையும் தேங்காய் ஓடும் தண்ணீர்ப் பொட்டலமும் சேர்ந்து அந்த வாரக் கணக்கு எந்த வாரத்துக்கும் பொருந்தாது.

எண்ணெய் பட்டவை என்ற கூடையில் எதுவும் விழாத நாள் வரும்வரை, பட்டறைகளின் பெயரைக் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். நாங்கள் போய்ப் பேசுகிறோம். அந்த நாள் ஒரு மாதத்தில் வராவிட்டால் அனுப்புங்கள்.

தராசு, எட்டுக் கூடை, தார்ப்பாய், தடித்த கையுறை, பூட்ஸ் எங்கள் பொறுப்பு. மன்றம் தர வேண்டியவை நான்கு: லோரி டிப்போவில் தண்ணீர்க் குழாய் உள்ள ஒரு சிமெண்டுத் தரை, அந்தத் தரையின் வடிகால் லோங்கானுக்குப் போகாமல் அடைக்க ஒரு மூட்டை மணல், காலை ஏழு மணிக்குத் தொட்டியைக் கொண்டுவர ஓர் ஓட்டுநர், கணக்கில் கையெழுத்திட ஓர் அதிகாரி. எட்டாம் நாள் தாளை உங்கள் மேசையில் வைக்கிறோம். அதைப் பார்த்த பிறகும் மூன்று தொட்டி வேண்டும் என்று தோன்றினால், கட்டணத்தை நாங்களே முதலில் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
தொழிற்பேட்டையிலும் மில்லிலும் கழிவோடு வேலை பழகிய சிலர்